ஃபஹாஹீல் ரூமில் ஒரு புருனே

குவைத்துக் கோடையைத் தாங்கிக்கொள்ளலாம். மணல் காற்றைத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு மாடி முழுவதற்கும் ஒரே ஒரு பாத்ரூம் என்பதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம். ஆனால் புருனேயோடு ஒரே ரூமில் குடியிருந்து, புத்தி கலங்காமல் தப்பியவர்கள் இந்த வளைகுடா முழுக்கத் தேடினாலும் இரண்டே பேர்தான். ஒருவன் நான். இன்னொருவர் முருகேசன். அவரைப் பற்றி எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

புருனே என்பது மனிதரின் பெயரல்ல, நாட்டின் பெயர். மலேசியாவுக்குப் பக்கத்தில், வரைபடத்தில் கட்டைவிரலை வைத்தால் மறைந்துபோகிற அளவுக்குச் சின்ன நாடு. நம் ஆள் புதுக்கோட்டைப் பக்கம். குவைத்துக்கு ஏசி மெக்கானிக்காக வருவதற்கு முன்னால் சில வருடங்கள் அங்கே கட்டட வேலை பார்த்தவர். வெளிநாடு போய் வருகிறவர்கள் தைலம் கொண்டு வருவார்கள், டார்ச் லைட் கொண்டு வருவார்கள். இவர் அந்த நாட்டின் கால்பந்து லீக்கையே தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஃபஹாஹீலில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே எங்கள் கம்பெனி ரூம். ஸ்டோர் கீப்பர் வேலைக்கு நான் வந்து சேர்ந்த அன்று, பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை.

"தம்பி, பந்து பாப்பீங்களா?" என்றார்.

"எப்பவாச்சும் பாப்பேண்ணே. ஐரோப்பா மேட்ச்னா..."

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல முகத்தைச் சுளித்தார். "அதெல்லாம் பந்தா தம்பி? ஒருத்தன் கீழ விழுந்தா பத்து கேமராக்காரன் ஓடுறான். அது சினிமா. புருனேல வந்து பாரு. பள்ளிக்கூட வாத்தியார் டிஃபென்ஸ்ல நிப்பாரு, தீயணைப்புக்காரர் நடுவுல ஆடுவாரு. வேலை முடிஞ்சு டிபன் பாக்ஸோட கிரவுண்டுக்கு வருவானுங்க. அது பந்து!"

"எத்தனை பேருண்ணே பாக்க வருவாங்க?"

"கூட்டம்னு சொன்னா..." என்று கொஞ்சம் யோசித்தார். "நான் போயிருவேன்."

பக்கத்துக் கட்டிலில் தலை வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்த முருகேசன், போர்வைக்குள்ளிருந்தே சொன்னார்: "தம்பி, வேற ரூமு காலியிருக்கான்னு இப்பவே கேட்டுப் பாத்துக்கிடும். நானும் வந்த அன்னைக்கே கேட்டிருக்கணும்."

முருகேசன் திருநெல்வேலிக்காரர். தண்ணி லாரி ஓட்டுகிறவர். கால்பந்து என்றால் அவருக்கு ஆகாது. அவருக்கு அந்த வெறுப்பு வந்ததற்கும் காரணம் ஒன்று இருந்தது. மலாய் மொழியில் 'லாரி' என்றால் 'ஓடு' என்று அர்த்தமாம். புருனே அண்ணன் மேட்ச் பார்க்கும்போது, பந்து கிடைத்தவனைப் பார்த்து "லாரி! லாரி!" என்று தொண்டை கிழியக் கத்துவார். முதல் வாரம் முழுக்க முருகேசன், கீழே நிறுத்தியிருந்த தன் வண்டியை எவனோ இடித்துவிட்டான் என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கி ஓடியிருக்கிறார்.

மேட்ச் எப்போதும் வெள்ளிக்கிழமைதான். அந்த ஊருக்குச் சாயங்காலம் என்றால் எங்களுக்குச் சமையல் நேரம். வாரத்தில் எங்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள் லீவு. அன்றைக்கு ஒரு நாள்தான் வாய்க்கு ருசியாகச் சாப்பிட முடியும். சமையலோ புருனே அண்ணன் முறை. அவர் கை மட்டன் குழம்புக்கு அந்தக் கட்டடமே வாசம் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் அந்தக் குழம்பை முழுதாக நாங்கள் சாப்பிட்டது அந்த ஊர் லீக் நடக்காத மாதங்களில் மட்டுமே. மற்ற வெள்ளிக்கிழமைகளில் ஒரு கார்னர் கிக்கில் வெங்காயம் கருகும். ஒரு ஃப்ரீ கிக்கில் அடி பிடிக்கும். பெனால்டி என்றால் குக்கரே போய்விடும்.

"அண்ணே, கருகுற வாசம் வருதுண்ணே!"

"இரு தம்பி, பாக்ஸுக்குள்ள வந்துட்டானுங்க."

"குழம்பு அடி பிடிச்சிருச்சு!"

"அவங்க டிஃபென்ஸும் அப்படித்தான் நிக்குது. நகர மாட்டேங்குறானுங்க."

சரி, அப்படி எதைத்தான் பார்க்கிறார் என்று ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் போனைக் கையில் பிடித்து நேரலை விடுகிறார். அவருக்குக் கை வலித்தால் நமக்கு மரம் தெரியும். அவர் யாரோடாவது பேசினால் நமக்கு அவருடைய செருப்பு தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை மழை கொட்டி மேட்ச்சை நிறுத்திவிட்டார்கள். போன்காரர் கேமராவை அணைக்க மறந்து, போனைக் கூரைக்கடியில் மைதானத்தைப் பார்க்க வைத்துவிட்டுப் போய்விட்டார். புருனே அண்ணன் நகரவில்லை. காலி மைதானத்தில் மழை பெய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே குவைத் வெயில் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. திட்டுவதற்காக எழுந்து வந்த முருகேசன், திட்டாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நல்ல மழைல்லா பெய்யுது" என்றார். நானும் போய் உட்கார்ந்தேன். மேட்ச் மறுபடி தொடங்கியபோது எங்கள் இருவருக்குமே எரிச்சலாக இருந்தது.

அவருடைய அணிக்கு நீளமான ஒரு மலாய்ப் பெயர். எங்கள் வாயில் நுழையாது. அவரே 'நம்ம பசங்க' என்றுதான் சொல்வார். அந்த அணியின் கோல் கீப்பர்தான் அவருடைய உயிர். கீப்பரை 'அவாங்' என்பார். அவாங் என்பது அந்த ஊரில் ஆண்களின் பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல்லாம். நம் ஆள் பெயரை விட்டுவிட்டு மரியாதையை மட்டும் வைத்துக்கொண்டார். ஆனால் அந்த மரியாதைக்குப் பிறகு வருகிற எதிலும் மரியாதை இருக்காது.

ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் அணியின் இணையப் பக்கத்துக்கு, அவாங்குக்கு என்று சொல்லி, ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். முதல் இரண்டு வார்த்தை மலாயில் இருக்கும். அப்புறம் கோபம் ஏற ஏறப் புதுக்கோட்டைக்கு வந்துவிடுவார்.

"அவாங்! உனக்கெல்லாம் எதுக்குடா கிளவுஸு? ரெண்டு காலுக்கு நடுவுல பஸ்ஸே போவும் போல இருக்கு! தண்டச்சோறு! போயி உன் ஒர்க்‌ஷாப்புல வண்டியக் கழுவு, போ!"

அவாங் வேலை நாட்களில் கார் மெக்கானிக். அந்த ஒர்க்‌ஷாப்பைக்கூட விடமாட்டார்.

"அண்ணே, அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாதுண்ணே," என்பேன்.

"வலி தெரியும்ல? குரல்ல தெரியும்."

பதில் ஒருநாளும் வந்ததில்லை. 'பார்த்துட்டான், பார்த்துட்டான்' என்று திரையைக் காட்டி அவரே திருப்திப்பட்டுக்கொள்வார்.

ஒரு முறை முக்கியமான மேட்ச். டிரா ஆனாலே அடுத்த சுற்று. கடைசி நேரத்தில், மெதுவாக உருண்டு வந்த பந்து அவாங்கின் கைக்குக் கீழே புகுந்து உள்ளே போய்விட்டது. அன்றைக்கு அண்ணன் அனுப்பிய மெசேஜை நான் இங்கே எழுத முடியாது. பத்திரிகை ஆசிரியர் என்னை வண்டி கழுவ அனுப்பிவிடுவார். கடைசி வரியை மட்டும் சொல்கிறேன்: "இனிமே கிரவுண்டு பக்கம் வந்துராத!"

அடுத்த வெள்ளிக்கிழமை அவாங் வரவில்லை. வேறொரு கீப்பர் நின்றான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. பெஞ்சில்கூட ஆள் இல்லை.

அண்ணன் கத்துவதை நிறுத்திவிட்டார். அப்பாடா என்று நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், அதுதான் இல்லை. கத்துகிற புருனேயைவிடச் சும்மா இருக்கிற புருனே பெரிய தொந்தரவு. குழம்பு கருகவில்லை. ஆனால் உப்பில்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். ஃபர்வானியாவில் ஒரு வீட்டில் ஏசி சரிசெய்யப் போன இடத்தில், மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே யோசனையில் உட்கார்ந்துவிட, வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன் செய்து, "உங்கள் ஆளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"நான்தான் தம்பி அவனை வீட்டுக்கு அனுப்பிட்டேன்," என்றார் என்னிடம். "ஒருத்தன் வேலை பாத்துட்டுக் களைச்சு வந்து ஆடுறான். எவ்வளவு தூரத்துல உக்காந்துக்கிட்டு, நான் யாரு அவன வராதன்னு சொல்ல?"

"உங்க மெசேஜை அவர் கேட்டிருக்கவே மாட்டாருண்ணே."

"பார்த்துட்டான்னு காட்டுச்சே."



இந்த நேரத்தில்தான் அது நடந்தது. ஏதோ ஆசிய கிளப் போட்டி. 'நம்ம பசங்க' குவைத்துக்கே ஆட வருகிறார்கள். செய்தியைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து நின்றார். நின்றவர் உட்காரவில்லை. அவாங் அணியோடு வருகிறாரா என்று தெரியாது. வந்தால் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். வராவிட்டால் யாரிடமாவது சொல்லி அனுப்ப வேண்டும். இதுதான் திட்டம். இதில் நாங்கள் இரண்டு பேரும் கூட வர வேண்டும் என்பது அவரே எடுத்துக்கொண்ட முடிவு.

மேட்ச் அன்று அவருக்கு மாலை டூட்டி. எங்கள் சூப்பர்வைசர் ஒரு எகிப்துக்காரர். ஏற்கெனவே ஃபர்வானியா விஷயத்தில் கொதித்துப்போயிருந்தார். இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் ஊருக்கு டிக்கெட் என்று சொல்லியிருந்தார். "வயித்து வலின்னு சொல்லுங்கண்ணே" என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அண்ணன் நேராக அவர் முன்னால் போய் நின்று, "சார், மை பிரதர் கம்மிங். புருனே. கோல் கீப்பர்," என்றார்.

சூப்பர்வைசர் அவரை வெகுநேரம் பார்த்தார். எதிர்த்து ஆடுவது எந்த அணி என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் முகத்தில் பரிதாபம் வந்தது. "உங்களுக்கு நிறைய கோல் விழும்," என்றார். "போ, போய் அழு. யல்லா!"

அணியின் நிறம் பச்சை. பச்சைச் சட்டை தேடி ஃபஹாஹீல் கடைத்தெருவை மூன்று பேரும் அலசினோம்; கிடைக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். ஸ்டோர் சாவி என்னிடம் இருக்கிறது. ஸ்டோரில் சைட்டில் போடுகிற பச்சை சேஃப்டி ஜாக்கெட் இருக்கிறது. இருட்டில் பளபளக்கும் வெள்ளிப் பட்டையோடு.

"முடியவே முடியாதுண்ணே. கம்பெனி பொருள்."

மாலையில் நாங்கள் மூன்று பேரும் சேஃப்டி ஜாக்கெட்டில் ஸ்டேடியத்துக்குப் போனோம்.

வெளியூர் அணி ஆதரவாளர்களுக்கென்று ஒரு பக்கம் முழுவதும் ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பெரிய வரிசை வரிசையான நாற்காலிகளில் நாங்கள் மூன்று பேர். காவலுக்கு நின்ற நேபாளத்துக்காரர், "பாய், வேலை எல்லாம் முடிஞ்சுதா? மேட்ச் ஆரம்பிக்கப் போறாங்க, கிளம்புங்க," என்று ஹிந்தியில் விரட்டினார். டிக்கெட்டைக் காட்டி, நாங்கள் புருனே ரசிகர்கள் என்று நம்பவைப்பதற்குள் முதல் கோல் விழுந்துவிட்டது.

அவாங் வந்திருந்தார். பெஞ்சில், விரல்களில் பட்டை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் என் கையைப் பிடித்தவர் விடவில்லை. எனக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும்போல இருந்தது.

சூப்பர்வைசர் சொன்னது பொய்யாகவில்லை. கோல் மேல் கோல். எதிர்ப்பக்கம் மேளம் அடித்தார்கள். இரண்டாம் பாதியில் எங்கள் கீப்பர் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அவாங் எழுந்தார். கிளவுஸை மாட்டிக்கொண்டு ஓடி வந்து, எங்கள் பக்கத்துக் கோல் கம்பத்துக்குள் நின்றார்.

"கத்துங்கண்ணே! உங்க ஆளு!" என்றேன்.

அண்ணன் வாயைத் திறந்தார். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. இத்தனை வருடம் ஒரு ரூமையே தூங்கவிடாமல் செய்த தொண்டை, தேவைப்பட்ட அன்றைக்கு அடைத்துக்கொண்டது. கண்ணில் மட்டும் தண்ணீர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இதற்காகவா கம்பெனி ஜாக்கெட்டைத் திருடினேன்?

அப்போது என் இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல் இடிபோலக் கிளம்பியது.

"ஏலே அவாங்கு! கைய நீட்டுலே! பந்து வருதுல்லா! இந்தப் பக்கம்லே, இந்தப் பக்கம்! லாரி! லாரி!"

முருகேசன் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். லுங்கி இருந்திருந்தால் மடித்துக் கட்டியிருப்பார். பேன்ட் என்பதால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவாங் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தார். ஒன்றைத் தட்டிவிட்டார். இரண்டை விட்டுவிட்டார். அவ்வளவுதான். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆட்டம் முடிந்தது.

தோற்ற அணி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தங்கள் ரசிகர்களுக்குக் கைதட்ட எங்கள் பக்கம் வந்தது. ரசிகர்கள் என்று தேடிப் பார்த்தால் மூன்று ரோடு வேலைக்காரர்கள். பாதிப் பேர் குழம்பித் திரும்பிவிட்டார்கள். அண்ணன் தடதடவென்று இறங்கிப் போய் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடைந்த குரலில், "மாஃப், அவாங். மாஃப்," என்றார். மன்னிச்சிரு என்று அர்த்தம்.

அவாங் நின்றார். தலையைச் சாய்த்து அந்தக் குரலைக் கவனித்தார். அவர் முகம் மெல்ல விரிந்தது. "பாக்சிக் குவைத்?" என்றார். குவைத் மாமாவா? அண்ணன் தலையாட்டினார். உடனே அவாங் திரும்பி, போய்க்கொண்டிருந்த மற்ற ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தி ஓங்கிக் கத்தினார்:

"தண்டாச்சோரு!"

மொத்த அணியும் திரும்பியது. "தண்டாச்சோரு! தண்டாச்சோரு!" என்று கத்திக்கொண்டே கம்பியை நோக்கி ஓடி வந்தார்கள். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று முருகேசன் பெல்ட்டைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

அவர்கள் அடிக்கவில்லை. அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், தோளைத் தட்டினார்கள். அவாங் வேகமாகப் பேசப் பேச அண்ணன் முகத்தில் கலர் மாறி மாறி வந்தது.

"என்னண்ணே சொல்றாரு?"

"ஒவ்வொரு மேட்ச்சுக்கு முன்னாடியும் டிரெஸ்ஸிங் ரூம்ல என் மெசேஜைப் போட்டுக் கேட்பாங்களாம்ப்பா. தூர தேசத்துலேர்ந்து ஒரு பெரியவர் தன்னோட பாஷையில ஆசீர்வாதம் பண்றாரு, அதான் இவ்வளவு உணர்ச்சியாப் பேசுறாருன்னு நெனச்சிக்கிட்டிருக்கானுங்க."

"வராம இருந்தது?"

"ஒர்க்‌ஷாப்புல பானெட்டு கையில விழுந்து விரல் ஒடிஞ்சிருச்சாம்." இதைச் சொல்லும்போது அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அவாங் மறுபடியும் ஏதோ கேட்டார். அண்ணன் முகத்தில் ரத்தம் வற்றியது.

"தண்டச்சோறுன்னா என்ன அர்த்தம்னு கேக்குறாம்ப்பா. பொய் சொல்ல வாய் வரல."

"சிங்கம்னு சொல்லுங்க அண்ணாச்சி!" என்று முருகேசன் பதறினார். "சிங்கம்! சிங்கம்!"

அண்ணன் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. "சிங்கா?" என்றார் அவாங், கண்கள் விரிய. மலாயிலும் சிங்கத்துக்கு அதுதான் பெயராம். அவ்வளவு பெரிய தோல்விக்குப் பிறகு அந்த அணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒருவரையொருவர் தண்டச்சோறு என்று அழைத்துக்கொண்டே உள்ளே போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

போவதற்கு முன்னால் அவாங் தன் ஜெர்சியைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு எங்கள் ஜாக்கெட்டைக் கேட்டார். அண்ணன் மூன்றையும் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

வண்டியில் திரும்பும்போது கேட்டேன். "எதுக்கு மன்னிப்புன்னு அவர் கேக்கலையாண்ணே?"

"கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"இத்தனை வருஷமா மேட்ச்சுக்கு நேர்ல வராததுக்குன்னு சொன்னேன்." மடியிலிருந்த ஜெர்சியை நீவிவிட்டு, "அதுவும் நெசந்தானப்பா," என்றார்.

இதற்குப் பிறகாவது நிம்மதி கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. மூன்று ஜாக்கெட் எங்கே என்று ஆடிட்டில் கேட்ட கேள்விக்கு நான் பட்ட பாடு தனிக்கதை. அந்த ஜெர்சியைத் துவைக்க விடமாட்டேன் என்று மாதக்கணக்கில் அடம் பிடித்தார். போதாக்குறைக்கு, மனம் திருந்தி, "நல்லா ஆடு சாமி, கடவுள் துணையிருப்பாரு" என்று மென்மையாக ஒரு மெசேஜ் அனுப்பினார். அந்த வாரம் அணி தோற்றது. முதன்முறையாக அவாங்கிடமிருந்து பதில் வந்தது: பாக்சிக், பழையபடியே பேசுங்கள், இதில் சக்தி இல்லை.

அதனால் வாராவாரம், இப்போது மனசார நேசிக்கிற ஒரு மனிதனை, வேறு வழியில்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டே கண்டபடி திட்ட வேண்டிய நிலைமை அவருக்கு. வார்த்தை வற்றும்போது முருகேசன் எடுத்துக் கொடுப்பார். நெல்லைக்கு அதில் பஞ்சமே கிடையாது.

நான் இப்போது கத்தாரில் வேறு கம்பெனியில், குடும்பத்தோடு இருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை ஆனால் போதும், ஃபஹாஹீலிலிருந்து போன் வந்துவிடும். யார் ஆடுகிறார்கள், யாருக்கு முட்டியில் வலி, எந்த ரெஃப்ரி லாயக்கில்லை. "உங்க தொல்லைக்காரர் கூப்பிடுறார்," என்று மனைவி போனை நீட்டுவாள். நான் தலையில் அடித்துக்கொண்டு வாங்குவேன்.

போன வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. தொழுகை நேரம் தாண்டியும் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நானே கூப்பிட்டேன்.

"என்ன தம்பி? இந்த வாரம் மேட்ச் இல்லப்பா, லீவு விட்டுட்டானுங்க," என்றார். "ஏன், ஏதும் அவசரமா?"

"இல்லண்ணே, சும்மாதான்," என்றேன். "அப்ப அடுத்த வாரம் யாரோட ஆடுறாங்க, நம்ம பசங்க?"